பூஸ்ட் ஏறி இறங்கிய ஸ்டார்லெட்: பரந்தன் கராஜ் ஒன்றின் சோதனையும் இரண்டு கட்டுப்படுத்திகளும்

காலையில் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குப் போகும்போது 0.9 பார் வரை எகிறி, எரிபொருள் துண்டிக்கப்பட்டு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலக் காரை உலுக்கிய பூஸ்ட் (டர்போ இயந்திரத்துக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), அதே நாள் பிற்பகல் அதே வீதியில் அதே இரண்டாம் கியரில் 0.5 பாரைத் தொடுவதற்கே தயங்கியது. சோளகக் காலம் முழுவதையும் இந்தக் குணத்தோடு ஓட்டிக் கழித்த பிறகு, பரந்தனில் உள்ள ஒரு கராஜில் காரை விட்டுத்தான் காரணத்தைக் கண்டேன். அந்தக் கராஜில் நடந்த சோதனை, அதற்கு முன்னர் நான் வாங்கியிருந்த கையால் திருகும் பூஸ்ட் கட்டுப்படுத்தி, பின்னர் பொருத்திய மின்சாரக் கட்டுப்படுத்தி ஆகிய மூன்றையும் பற்றி இங்கே எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். முற்றத்தில் நிற்கும் உழவு இயந்திரங்களைப் பார்ப்பதற்கே நேரம் போதாதபோது புதிதாக ஆட்கள் வருவதை அவர் விரும்பவில்லை.

கார் டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ, இ.பி. 82 வகை. 1,331 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 4இ-எஃப்டிஇ இயந்திரத்தில், வெளியேறும் புகையால் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் சிடி9 என்ற சிறிய டர்போ பொருத்தப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 135 குதிரைவலு. பூஸ்ட் தாழ்நிலையில் 0.4 பார், உயர்நிலையில் 0.65 பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது என்பதால், இடைப்பட்ட காலத்தில் இத்தகைய பழைய கார்கள் பல கைகள் மாறின. என்னிடம் வந்த காரிலும் முன்னைய உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலையைச் செய்து வைத்திருந்தார்கள்: முன்பக்கத்தில், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், அதற்கு இரண்டு பக்கமும் நீண்ட குழாய்கள், இரண்டரை அங்குலச் சைலன்சர் குழாய், 0.5 பார் ஸ்பிரிங் போட்ட வேறொரு அக்சுவேட்டர் (பூஸ்ட் போதுமான அளவு ஏறியதும், புகையை டர்போவுக்குள் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவைத் திறப்பது), திறந்த ஏர் ஃபில்டர். தனித்தனியே பார்த்தால் இவற்றில் தவறான வேலை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் ஹோஸ் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பூஸ்ட் கூடிக் குறைவதாகச் சொல்லி முதலில் காரைக் காட்டிய இடத்தில், பொனற்றைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள ஒரு கைக்கட்டுப்படுத்தியை விற்றுப் பொருத்தினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. பிறகு முன்னையதைவிட மோசமானது. மீண்டும் போனபோது டர்போ முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். டர்போவின் தண்டை விரலால் அசைத்துக்கூடப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவ்விடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பரந்தன் கராஜில் முதற்கேள்வியே வேறாக இருந்தது. பூஸ்ட் எவ்வளவு என்று கேட்கவில்லை. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, முதல் தடவை மிதிக்கும்போதா, அடுத்தடுத்து மிதிக்கும்போதா என்று கேட்டார்கள். கட்டுப்படுத்தியைக் காட்டியதும் உரிமையாளர் சொன்னது இது: "தம்பி, இதைக் கழட்டிப்போட்டு வெறும் ஸ்பிரிங்கிலை ஓடிப் பாப்பம். அதிலையே கூடிக் குறையுதெண்டா இந்தச் சாமான் என்ன செய்யும்?" டர்போவின் காற்று வெளிவரும் வாயிலிருந்து அக்சுவேட்டருக்கு நேராக ஒரு குட்டைக் ஹோஸைப் போட்டு, இடையில் எதுவும் இல்லாமல் ஓடிப் பார்ப்பதுதான் அவர் சொன்ன வழி. அக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தமே டர்போ தரக்கூடிய மிகக் குறைந்த பூஸ்ட். அதற்குக் கீழே எந்தக் கட்டுப்படுத்தியாலும் இறக்க முடியாது. அந்த அடிமட்டம் நிலையாக இல்லாவிட்டால், அதன்மேல் வைக்கும் எதுவும் நிலையாக இருக்காது. எனது காரில் அது நிலையாக இல்லை. ஸ்பிரிங்கில் மட்டும் ஓடியபோது முதல் ஓட்டத்தில் 0.62 பாரும், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு 0.41 பாரும் காட்டியது.

அதன்பிறகு கசிவைத் தேடினார்கள். இந்தப் பகுதிக்காகவே கராஜை மெச்சத் தோன்றுகிறது. முதலில் புகை இயந்திரத்தால் டர்போவின் காற்று உள்ளே போகும் வாய்ப்பக்கமாகப் புகை ஏற்றினார்கள். எங்கும் புகை வெளிவரவில்லை. பல இடங்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும், கசிவு இல்லை என்று சீட்டும் எழுதிவிடுவார்கள். புகைச் சோதனை மிகக் குறைந்த அழுத்தத்தில் நடப்பது. அழுத்தம் ஏறினால் மாத்திரம் வாய் திறக்கும் கசிவை அது காட்டாது என்பதை இங்கே அறிந்திருந்தார்கள். டர்போவின் அந்த வாயை, ரயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் இறுக்கி அடைத்து, இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் காற்றோட்டக் ஹோஸைக் கழற்றி அதன் இரண்டு பக்கத்தையும் மூடிவிட்டு, கம்பிரசரிலிருந்து அளவோடு காற்று விட்டார்கள். அந்தக் ஹோஸை மூடாவிட்டால் அழுத்தம் இயந்திரத்துக்குள் போய் ஒயில் சீல்களைத் தள்ளிவிடும் என்பதால், வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

0.3 பாரில் ஒன்றுமில்லை, 0.5 பாரிலும் ஒன்றுமில்லை. 0.7 பாரைத் தொட்டபோது இன்டர்கூலரின் வலது பக்கக் கீழ்முனையில், ரப்பர் இணைப்பு தவளைத் தொண்டை போல உப்பி, குழாயிலிருந்து ஒரு ஓரமாக விலகி, சவர்க்கார நீர் நுரைத்துப் பொங்கியது. குழாய் முனையில் படிந்திருந்த மெல்லிய ஒயில் படலத்தின்மேல் அந்த இணைப்பு வழுக்கிக்கொண்டிருந்தது. காலையில் ரப்பர் இறுகியிருந்தபோது பிடித்துக்கொண்டும், பிற்பகல் வெப்பத்தில் பொனற்றுக்குக் கீழே இளகியபோது வாய் திறந்தும் வேலை பார்த்தது. குழாய் முனையில் விளிம்பு மடிப்பு எதுவுமில்லாமல் வெட்டியபடியே விட்டிருந்ததுதான் அடிப்படைப் பிழை. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் வழுவழுப்பான அலுமினியத்தில் ஹோஸ் நிற்காது.

இரண்டாவது கசிவு அதைவிடச் சிறியது. ஆனால் குழப்பத்தின் பெரும்பங்கு அதனால்தான் வந்தது. அக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ், வெப்பக் கவசத்தை உரசும் இடத்தில் வெடித்திருந்தது. ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு வெடிப்புகள், இருக்கும் இடத்தைப் பொறுத்து நேர்மாறான விளைவைத் தரும் என்பதை இந்தக் கார்தான் எனக்கு உணர்த்தியது. டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான பெரிய குழாயில் கசிந்தால் இயந்திரத்துக்குக் காற்றுக் குறையும், பூஸ்ட் விழும், அதை ஈடுசெய்ய டர்போ தேவைக்கு மேல் வேகமாகச் சுழலும். அக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸில் கசிந்தாலோ, அக்சுவேட்டர் உண்மையான அழுத்தத்தை அறியாது. வேஸ்ட்கேட் கதவு பிந்தித் திறக்கும், பூஸ்ட் எகிறும். ஒரு காரில் இரண்டும் சேர்ந்திருந்தால் காலையில் ஒன்று வெல்லும், பிற்பகலில் மற்றது வெல்லும். நான்கு மாதமாக நான் வானிலையைக் குறை கூறிக்கொண்டிருந்தேன்.

ஸ்டார்லெட்டின் இயந்திரம் இன்டேக் அழுத்தத்தை அளந்து எரிபொருளைக் கணக்கிடுவதால் இந்தக் கசிவு கரும்புகையாக வெளியே தெரியவில்லை. உள்வரும் காற்றின் அளவை ஃபில்டருக்கு அருகிலேயே அளக்கும் கார்களில், அளந்த காற்று வழியில் தப்பிவிடும். எரிபொருள் மிகுந்து சைலன்சர் வாய் கறுத்துவிடும். அத்தகைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கறுப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

அக்சுவேட்டரையும் தனியாகச் சோதித்தார்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய கருவி ஒன்றின் வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தண்டு எப்போது அசையத் தொடங்குகிறது, ஒரே சீராக நகர்கிறதா, காற்றை நிறுத்தினால் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார்கள். உள்ளிருக்கும் ரப்பர்த் தகடு நன்றாகவே இருந்தது. ஆனால் தண்டைக் கழற்றிவிட்டு வேஸ்ட்கேட்டின் கையை விரலால் ஆட்டியபோது, நடுவில் ஓரிடத்தில் அது பிடித்துக்கொண்டது. கரி படிந்த அச்சு. அதைக் கழுவி, அசைத்து இளக்கி, கதவு இலேசான இழுவையில் மூடியிருக்கும்படி தண்டின் நீளத்தைச் சரிசெய்தார்கள். தண்டைக் கூடுதலாகக் குறுக்கினால் பூஸ்ட் ஏறும் என்பதைச் சிலர் குறுக்குவழியாகப் பயன்படுத்துவதுண்டு. நான் அதைக் கேட்டபோது உரிமையாளர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஒருவழி வால்வையும் ஊதிப் பார்த்தார்கள்; அதில் குறையில்லை.

இனி கைக்கட்டுப்படுத்தி. வேலை செய்யும் முறை எளிது: அக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸின் நடுவே ஒரு பந்தை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், பூஸ்ட் அந்த ஸ்பிரிங்கை வெல்லும்வரை அக்சுவேட்டருக்குக் காற்றே போகாது என்பதால் வேஸ்ட்கேட் இறுக மூடியிருந்து, டர்போ விரைவாக ஏறும். வெளியே உள்ள திருகால் ஸ்பிரிங்கை இறுக்கினால் பூஸ்ட் கூடும். கால் எடுத்த பிறகு, பந்துக்கும் அக்சுவேட்டருக்கும் இடையில் அடைபட்ட காற்று வெளியேற ஊசிமுனை அளவான ஒரு துளை அதில் இருக்கும். எனது கட்டுப்படுத்தியில் அந்தத் துளை செம்புழுதியால் முற்றாக அடைபட்டிருந்தது. விசுவமடுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் சோளகம் வீசும் மாதங்களில் ஓடிய எந்த வாகனத்தின் பொனற்றைத் திறந்தாலும் அந்தப் புழுதி எங்கெல்லாம் புகுந்திருக்கும் என்று தெரியும். துளை அடைபட்டதால் முதல் மிதிப்புக்குப் பிறகும் வேஸ்ட்கேட் முழுதாக மூடவில்லை. இரண்டாவது மிதிப்பில் பூஸ்ட் சோம்பியது. முதலிரண்டு கிழமை நன்றாக இருந்து பின்னர் கெட்டதன் காரணம் இதுதான். பொருளாகப் பார்த்தால் அது ஏமாற்று அல்ல. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், ஒழுங்காகப் பொருத்தினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எங்கள் மண்ணில் ஓடும் காருக்கு அதை ஒவ்வொரு மாதமும் கழற்றிக் கழுவ வேண்டும், அதன் அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்றவர்கள் இவை இரண்டையும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக, மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான மூன்று வாய் சொலினொயிட் ஒன்றையும் அதை இயக்கும் சிறிய மின்சாரக் கட்டுப்படுத்தியையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். ஒரு வாய் டர்போவுக்கு, ஒன்று அக்சுவேட்டருக்கு, மற்றது வெளியே. செக்கனுக்குப் பல தடவை திறந்து மூடி, அக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் ஒரு பங்கை வெளியே விடுவதால், அக்சுவேட்டர் உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தையே காணும். இதில் எனக்குப் பிடித்தது, சரியாகக் ஹோஸ் போட்டிருந்தால் மின்சாரம் அறுந்தாலும் கார் ஸ்பிரிங் அழுத்தத்துக்கே இறங்கிவிடும் என்பதுதான். கைக்கட்டுப்படுத்தியில் அத்தகைய காவல் எதுவுமில்லை. அழுத்த அளவை உடனுக்குடன் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் முறையும் இதில் உண்டு. ஆனால் கராஜில் அதை முதலில் நிறுத்தியே வைத்தார்கள். திருத்தம் இல்லாமல் ஒரே திறப்பு விகிதத்தில் ஓடி, பூஸ்ட் 0.65 பார் அளவுக்கு வரும்படி அடிப்படையை அமைத்த பிறகே திருத்தத்தைச் சிறிது சிறிதாக இயக்கினார்கள். தலைகீழாகச் செய்தால் கட்டுப்படுத்தி பூஸ்டை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. கையேடு இந்த ஒழுங்கைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது இந்தப் பொருளில் நான் காணும் பெருங்குறை. எழுத்துகள் பகல் வெளிச்சத்தில் தெரியாத திரை இரண்டாவது குறை.

ஹோஸ் போட்ட விதத்திலும் ஒரு திருத்தம் நடந்தது. முன்னர் யாரோ அக்சுவேட்டர், புளோ-ஓஃப் வால்வு (கால் எடுக்கும்போது மிகைக் காற்றை வெளிவிடுவது), பூஸ்ட் மீற்றர் ஆகிய மூன்றுக்கும், இயந்திரத்துக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மனிஃபோல்டிலிருந்து ஒரே ஹோஸைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது அக்சுவேட்டருக்கான காற்று டர்போவின் காற்று வெளிவரும் வாயிலிருந்தும், மற்ற இரண்டுக்கும் மனிஃபோல்டிலிருந்து தனித்தனியாகவும் வருகிறது. இன்டர்கூலர்க் குழாய் முனைகளில் ஒட்டு வைத்து விளிம்பு எழுப்பி, சிலிக்கன் இணைப்பும் அகலமான கிளிப்புகளும் போட்டார்கள். இந்த ஒட்டுவேலை அழகாக இல்லை, உறுதியாக இருக்கிறது.

கராஜின் குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் ஆனது. இடையில் ஒரு உழவு இயந்திரத்தின் கிளச் வேலை வந்ததால் எனது கார் பொனற் திறந்தபடி வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு நாள் நின்றது. டர்போ வாயை ஒரு துணியால் அடைத்திருந்தார்கள் என்பது ஆறுதல். திறந்திருக்கும் டர்போவுக்குள் ஒரு வேப்பம் விதை விழுந்தாலே போதும். அளந்த எண்களை எதிலும் குறித்துத் தரவில்லை. நான் கைபேசியில் எழுதிக்கொண்டதால்தான் இங்கே தர முடிகிறது. பற்றுச்சீட்டும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அழுத்தச் சோதனைக்கும் அக்சுவேட்டர்ச் சோதனைக்கும் சேர்த்து 6,000 ரூபா எடுத்தார்கள். மாற்றச் சொன்ன டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அதைப் பற்றி நான் முறையிட மாட்டேன்.

மற்றொரு வரம்பு கராஜினுடையது அல்ல, எங்கள் நிலத்தினுடையது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி நேராகக் கிடந்தாலும், ஓரங்களில் நெல் காயும், மாடுகள் எந்த நேரமும் குறுக்கே வரும், சட்டப்படி 70 கிலோமீற்றருக்கு மேல் போகவும் கூடாது. முதலாம் கியர் பூஸ்ட் முழுதாக ஏறுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. இரண்டாம் கியரில் ஏறத்தாழ 4,800 சுழற்சியில் வேகமானி 70ஐத் தொட்டுவிடுகிறது. ஆகவே நாங்கள் அளந்தவை அந்த எல்லைக்குள் மட்டுமே. வேலை முடிந்த பின்பு ஸ்பிரிங்கில் மட்டும் ஓடியபோது காலையிலும் பிற்பகலிலும் 0.50 பாரில் தொடங்கி 4,700 சுழற்சியில் 0.56 பார் வரை மெல்ல ஏறியது. சுழற்சியோடு சேர்ந்து இப்படி ஏறுவதற்குக் ஹோஸ்கள் காரணமல்ல. சைலன்சர் குழாய் அகலமாகிப் புகை தாராளமாக வெளியேறும்போது, சிடி9இன் சிறிய வேஸ்ட்கேட் துளையால் போதிய அளவு புகையைத் திருப்பிவிட முடியாமல் போவதே காரணம். அதற்கு மேல் 6,000 சுழற்சியில் என்ன நடக்கிறது என்பதை, காரை நிறுத்தி வைத்தே ஓட்டி அளக்கும் டைனோ ஒன்றில் ஏற்றினால்தான் அறியலாம். இந்தக் காரணத்தாலும், நான் நிரப்புவது 92 ஒக்ரேன் பெற்றோல் என்பதாலும், 0.7 பாருக்கு மேல் அமைக்க உரிமையாளர் மறுத்துவிட்டார். 95 நிரப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லா நாளும் 95 கிடைக்குமெண்டு எழுதித் தாறியோ?" என்றார்.

இப்போது கட்டுப்படுத்தி 0.7 பாரில் நிற்கிறது. கடந்த ஆறு கிழமைகளில் மீற்றர் 0.68க்குக் கீழே இறங்கவோ 0.73க்கு மேலே போகவோ இல்லை. எரிபொருள் துண்டிப்பு ஒரு தடவையும் வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடவை மிதித்தாலும் மூன்றும் ஒன்றுபோல ஏறுகின்றன. காலபோக விதைப்புக்காக முற்றத்து உழவு இயந்திரங்கள் வயலுக்குப் போன பிறகு காரைக் கொண்டு வந்தால், டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையைப் பெருப்பிக்க முடியுமா என்று பார்ப்பதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். இம்முறை எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவில்லை.